வெட்கத்தால் கைவிடப்படும் மருந்து

நோயைப் பற்றிப் பேசுவதில் நமது சமூகங்களிடையே இரு வேறு வழக்கங்கள் உண்டு. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி போன்றவற்றைக் கலியாண வீட்டிலும் மரண வீட்டிலும் தாராளமாகப் பேசுவோம். ஆனால், மலத்தோடு இரத்தம் போகின்றது என்பதை உடன்பிறந்தவரிடம்கூடச் சொல்ல மாட்டோம். அந்நோய்க்கு வைத்தியர் தரும் மருந்து, வாயால் விழுங்கும் குளிசையாக இல்லாமல் ஆசனவாய் வழியாக வைக்கும் குளிசையாக இருந்துவிட்டால், மௌனம் இரு மடங்காகிவிடுகின்றது. நோயையும் சொல்ல முடியாது, மருந்தையும் சொல்ல முடியாது என்ற நிலை உருவாகின்றது. இந்த மௌனத்துக்கு நோயாளர் கொடுக்கும் விலை பெரிது என்பதாலேயே இவ்விடயத்தை இங்கு வெளிப்படையாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி, பெருங்குடலின் உட்சுவர் வீங்கிச் சிவந்து புண்ணாகி இரத்தம் கசியும் நீண்டகால நோயாகும். லண்டன் வைத்தியரான சாமுவேல் வில்க்ஸ் 1859 இல் இதனைத் தனியொரு நோயாக விவரித்தார். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் குடலின் மீதே திரும்புவதால் இது ஏற்படுகின்றது. இது தொற்று நோயன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே மலசலகூடத்தைப் பயன்படுத்துவதாலோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. இந்நோய் பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும் இயல்புடையது. பலரிடம் அது மலக்குடலோடு நின்றுவிடுகின்றது. இந்த ஓர் உண்மையை மனதிற் பதித்துக்கொண்டால், வைத்தியர் ஏன் அந்தக் குளிசையைத் தருகிறார் என்பது எளிதில் விளங்கும்.

இது மேலைநாட்டவரின் நோய் என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியது. ஆனால் இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வு, ஓர் இலட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. நமது நாட்டில் கொழும்பு, கம்பஹா ஆகிய இரு மாவட்டங்களின் வைத்தியசாலைகளை அடிப்படையாகக் கொண்டு நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், இலட்சத்துக்கு 5.3 பேர் என்ற கணக்குக் கிடைத்தது. இது வைத்தியசாலைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு என்பது கவனத்திற்குரியது. மூலம் என்று எண்ணிக் கைவைத்தியம் செய்தபடி வீட்டிலேயே இருப்பவர் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

அந்த மயக்கம் இயல்பானதே. இரத்தம் போவது மூலத்திலும் உண்டு, சீதபேதியிலும் உண்டு. எனினும் இந்நோயில் இரத்தத்தோடு சளியும் போகும். ஒரு நாளில் பல தடவை அவசரமாகச் செல்ல நேரிடும். சென்று வந்த பின்பும் இன்னும் மலம் இருப்பது போன்ற கடுப்பு இருந்துகொண்டே இருக்கும். நித்திரையிலிருந்து எழுப்பிவிடும். வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் மலப் பரிசோதனை செய்து கிருமித் தொற்று இல்லையென உறுதிப்படுத்திய பின், கமரா பொருத்திய குழாயினால் குடலைப் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தே நோயை நிர்ணயிக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிப்படுத்தவும் இப்பரிசோதனை அவசியமாகும்.

இனி மருந்துக்கு வருவோம். சுவீடன் நாட்டின் பெண் வைத்தியரான நன்னா ஸ்வார்ட்ஸ், மூட்டுவாத நோயாளருக்காக சல்பசலசீன் என்ற மருந்தை உருவாக்கச் செய்து, அது குடல் அழற்சிக்கும் பயன்படுவதைக் கண்டு 1940களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அம்மருந்து இரு பொருட்களின் சேர்க்கை. அவற்றுள் எது நோயைத் தணிக்கின்றது என்பது மூன்று தசாப்தங்களுக்கு மேலாக உறுதியாகவில்லை. அதற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர், ஒக்ஸ்போர்ட்டில் பேராசிரியர் ட்ரூலவ்வுடன் பணியாற்றிய வங்காளதேச வைத்தியர் ஆசாத் கான் ஆவார். அவரும் சக ஆய்வாளர்களும் அம்மருந்தையும் அதன் இரு கூறுகளையும் தனித்தனியே நோயாளருக்கு ஆசனவாய் வழியாக எனிமாவாகச் செலுத்திப் பார்த்தனர். மெசலசீன் என்று இன்று நாம் அழைக்கும் கூறே குடற்புண்ணை ஆற்றுகின்றது என்ற முடிவு 1977 இல் வெளியானது. மற்றைய கூறான சல்பாவே குமட்டல், தலைவலி, தோற் கொப்புளம் போன்ற பக்கவிளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பதும் தெளிவாயிற்று. நமது அயல்நாட்டு வைத்தியர் ஒருவரின் இந்தக் கண்டுபிடிப்பே உலகெங்கும் இன்று இந்நோய்க்குத் தரப்படும் முதல் மருந்துக்கு வழி திறந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மெசலசீன் இரத்தத்தில் கலந்து வேலை செய்யும் மருந்தன்று. புண்ணின் மீது நேரடியாகப் படும்போதே அது பலன் தரும். வெறுமனே விழுங்கினால் சிறுகுடலே அதனை உறிஞ்சிவிடும். அதனாற்றான் வாய்வழிக் குளிசைகளுக்குத் தனி உறை பூசி, குடலின் கீழ்ப்பகுதியில் கரையும்படி செய்கிறார்கள். அப்படியிருந்தும் மலக்குடலின் கடைசிப் பகுதியைச் சென்றடையும் மருந்தின் அளவு குறைவே. தோட்டத்தின் அடிவாரத்தில் உள்ள செடிக்கு மலையுச்சியில் நின்று நீர் ஊற்றுவது போன்ற நிலை அது. ஆசனவாய் வழியாக வைக்கும் குளிசையோ, புண் இருக்கும் இடத்திலேயே கரைந்து முழு மருந்தையும் அங்கேயே பரப்புகின்றது. மலக்குடலோடு நிற்கும் நோய்க்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் மெசலசீனை இவ்வழியாகக் கொடுப்பதே முதற்றெரிவு என ஐரோப்பிய, பிரித்தானிய வைத்திய வழிகாட்டல்கள் கூறுவது இதனாலேயே ஆகும். நோய் சற்று மேலே பரவியிருந்தால் நுரையாகவோ எனிமாவாகவோ கொடுப்பர், வாய்வழிக் குளிசையையும் சேர்ப்பர். ஆக, இந்தக் குளிசை வாய்வழி மருந்து இல்லாதபோது கொடுக்கப்படும் இரண்டாந்தர மருந்து அன்று. அந்த இடத்துக்கு அதுவே சிறந்த மருந்தாகும்.

அவ்வாறாயின் நோயாளர் ஏன் அதனைக் கைவிடுகின்றனர்? அவர்கள் சொல்லும் அனுபவங்கள் நாட்டுக்கு நாடு பெரிதாக வேறுபடுவதில்லை. முதல் சில நாட்களில் குளிசையை வைத்தவுடனேயே அதனை வெளியேற்றிவிட வேண்டும் என்ற உந்துதல் ஏற்படும். இலேசான எரிச்சல் இருக்கும். கரைந்த மருந்து காலையில் கசிந்து உள்ளாடையில் கறை படியும். இவற்றைக் கண்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். உண்மையில் வீங்கிய குடல் எதனையும் தாங்கிக்கொள்ள மறுப்பதே அந்த உந்துதலுக்குக் காரணம். வீக்கம் குறையக் குறைய அதுவும் குறையும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், குணமாவதற்கு முன்னரான இடர்ப்பாட்டை நோயாளர் தோல்வி என்று எண்ணிவிடுகின்றனர்.

மாத்தளை மாவட்டத்தின் வாழ்நிலையை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்கடுவ, கம்மடுவ, இரத்தோட்டைப் பகுதிகளின் தோட்ட லயன்களில் ஓர் அறையிலே குடும்பம் முழுவதும் உறங்குகின்றது. மலசலகூடம் வெளியே இருக்கும். இரவில் தனிமையாக ஐந்து நிமிடம் கிடைப்பதே அரிது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மலையிலே அவசரம் வந்தால் ஒதுங்க இடமில்லை, வேலையை விட்டு இறங்கினால் அன்றைய கூலி பாதிக்கப்படும். தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குப் பாரமேற்றும் சாரதிக்கும், ஏ-9 வீதியில் கடை வைத்திருப்பவருக்கும், மாசிமகத் தேரோட்டத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பஸ்ஸில் வருபவருக்கும், ஜும்ஆத் தொழுகையில் வரிசையில் நிற்பவருக்கும் உள்ள அச்சம் ஒன்றே: வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது? அந்த அச்சத்தால் உணவைக் குறைக்கின்றனர், பயணத்தைத் தவிர்க்கின்றனர், நாளடைவில் மனிதரையும் தவிர்க்கின்றனர். அவசரத்தைத் தணித்து இவர்களை மீண்டும் வெளியுலகுக்குக் கொண்டுவரக்கூடிய மருந்தையே வெட்கத்தின் பெயரால் ஒதுக்கி வைப்பது எத்தகைய முரண்!

இந்த வெட்கத்துக்கு மரபின் ஆதாரமும் கிடையாது. ஆயுர்வேதத்தில் ஆசனவாய் வழியாக மருந்து செலுத்தும் வஸ்தி, முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்று. யூனானி வைத்தியத்தில் அதற்கு ஹுக்னா என்று பெயர். இரு மரபுகளின் மூதாதையரும் இதனை இழிவாகக் கருதவில்லை. குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் வந்து வாந்தி எடுக்கும்போது பரசிட்டமோல் குளிசையை இவ்வழியாக வைப்பதற்குத் தாய்மார் எவரும் இன்று தயங்குவதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் வலி நீங்க விடுதியில் தாதியர் வைப்பதையும் ஏற்றுக்கொள்கின்றோம். தன் கையால் தனக்கே வைப்பது மட்டும் ஏன் மானக்கேடாக வேண்டும்?

முஸ்லிம் வாசகர்களிடையே எழும் முக்கியமான கேள்வி நோன்பு பற்றியது. ஆசனவாய் வழியாக மருந்து உட்செல்வது நோன்பை முறிக்கும் என்பது, இந்நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான நிலைப்பாடு. முறிக்காது என்று கருதும் அறிஞர்களும் முன்பும் இருந்தனர், அண்மைக் காலத்திலும் உள்ளனர். 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நோன்பும் நவீன சிகிச்சையும் பற்றி ஆராய்ந்தபோது, சொட்டு மருந்து, ஊசி போன்ற பலவற்றைப் பற்றி முடிவு தெரிவித்து, இவ்விடயத்தை மேலதிக ஆய்வுக்கென ஒத்திவைத்தது. கேள்வி எத்துணை நுணுக்கமானது என்பதற்கு இதுவே சான்று. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது நமது பணியன்று. அதனைத் தத்தமது உலமாக்களிடம் கேட்டறிய வேண்டும்.

ஆனால் நடைமுறையில் இச்சிக்கல் பெரும்பாலானோருக்கு எழவேண்டிய தேவையே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டலாம். மெசலசீன் குளிசை பொதுவாக நாளுக்கு ஒரு முறை, இரவு படுக்கைக்குச் செல்லும்போது வைக்கப்படுவது. நோன்பு துறந்து, தராவீஹ் தொழுது வந்த பின் வைத்தால் ஸஹருக்கு முன் பல மணி நேரம் மருந்து உள்ளே தங்கும். நாளுக்கு இரு முறை எழுதப்பட்டவர், றமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டு ஒரு வேளையாக மாற்ற முடியுமா என அறிந்துகொள்ளலாம். நோய் கடுமையாக உள்ளவருக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகையை அல்குர்ஆனே வழங்கியிருக்கின்றது. கசிவினால் வுழூ நிலைக்குமா என அஞ்சித் தொழுகையை விடுவோரும் உண்டு. இடைவிடாத கசிவு உள்ளவருக்கு மார்க்கம் தனிச் சட்டம் வகுத்துள்ளது. கந்தசஷ்டி, வெள்ளி விரதம் என்பவற்றைக் கடைப்பிடிக்கும் இந்துக்களும் விரத நாளில் மருந்தை நிறுத்தலாகாது. விரதத்துக்காகவோ நோன்புக்காகவோ ஒரு மாதம் மருந்தைத் தாமாகவே நிறுத்துவதுதான் ஆபத்தானது.

நிறுத்துவதன் விளைவை ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகக் காட்டுகின்றது. நோய் தணிந்திருந்த நோயாளரைக் கவனித்து 2003 இல் வெளியான அவ்வாய்வில், வாய்வழி மெசலசீனை ஒழுங்காக எடுத்தவர்களில் 89 சதவீதமானோர் நோய் திரும்பாமல் இருந்தனர். ஒழுங்காக எடுக்காதவர்களில் அவ்வாறு இருந்தோர் 39 சதவீதமே. இரத்தம் நின்றவுடன் நோய் தீர்ந்ததாகக் கருதி மருந்தை விடுவதே நம்மவரின் பொதுவான வழக்கம். இந்நோய் தணியும், ஆனால் வேரோடு போவதில்லை. நீடித்த அழற்சி மேலே பரவக்கூடும். இரத்தச் சோகையை ஏற்படுத்தும். பெருங்குடலின் பெரும்பகுதி பல்லாண்டு காலம் பாதிக்கப்பட்டிருந்தால் புற்றுநோய் அபாயமும் அதிகரிக்கும்.

பயன்படுத்தும் முறையையும் வெளிப்படையாகவே கூறிவிடுவோம். முடியுமானால் முதலில் மலங்கழித்துவிட்டு வர வேண்டும். கைகளைக் கழுவி, குளிசையின் மேலுறையைக் கட்டாயம் அகற்ற வேண்டும். உறையோடு வைத்தவர்களும், வாயால் விழுங்கியவர்களும் உண்டென்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நுனியைச் சிறிது நீரில் நனைத்து, இடப்பக்கமாகப் படுத்து, மேற்காலை மடக்கி, ஆசனவாயின் இறுக்கமான தசையைக் கடந்து உள்ளே போகும்வரை விரலால் மெதுவாகத் தள்ள வேண்டும். தசைக்கு வெளியே நின்றால் அது திரும்ப வந்துவிடும். பின்னர் சில நிமிடங்கள் அசையாது படுத்திருந்து, அப்படியே உறங்கிவிடுவது நல்லது. பத்து நிமிடத்துக்குள் முழுதாக வெளியே வந்துவிட்டால் வேறொன்றை வைக்கலாம். கசிவுக்கு ஒரு பழைய துணியோ மாதவிடாய்த் துவாயோ போதும். தகரக் கூரையின் கீழ் வெயில் ஏறும் அறைகளில் குளிசையை வைக்காமல், மண்பானை அருகிலோ வீட்டின் குளிர்ந்த மூலையிலோ பேண வேண்டும். இளகியிருந்தால் உறையைப் பிரிக்கும் முன் குளிர்நீரில் சிறிது நேரம் வைத்தால் மீண்டும் இறுகும்.

எச்சரிக்கைகளும் உண்டு. அஸ்பிரின் ஒவ்வாதவர், சிறுநீரக நோயுள்ளவர், கர்ப்பிணிகள் ஆகியோர் அதனை வைத்தியரிடம் முன்னரே கூற வேண்டும். கர்ப்பிணிகள் தாமாகவே அஞ்சி மருந்தை நிறுத்துவதும் தவறு, கருவுற்ற காலத்தில் நோய் தீவிரமடைவதே கூடிய ஆபத்தாகும். மருந்து தொடங்கிய பின் காய்ச்சல், நெஞ்சுவலி, தோலில் தடிப்பு ஏற்பட்டாலோ இரத்தப்போக்கு அதிகரித்தாலோ உடனே வைத்தியரைக் காண வேண்டும். நாளுக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போவதுடன் காய்ச்சலும் படபடப்பும் இருந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராது வைத்தியசாலையில் அனுமதியாக வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபினாக் போன்ற குளிசைகள் இந்நோயைக் கிளறக்கூடும். வாசனைத் திரவியத் தோட்டங்களில் விற்கப்படும் எண்ணெயையும் சூரணத்தையும் நம்பி எழுதித் தந்த மருந்தை விடுவதும் அறிவுடைமையாகாது.

எனினும் பொறுப்பு முழுவதையும் நோயாளர் தலையில் சுமத்துவது நீதியன்று. மாத்தளை மாவட்ட பொது வைத்தியசாலையிலோ தம்புள்ளை வைத்தியசாலையிலோ, அங்கிருந்து கண்டிக்கும் பேராதனைக்கும் அனுப்பப்பட்டோ சிகிச்சை பெறும் தமிழ் பேசும் நோயாளிக்கு, அவர் மொழியில் இம்மருந்தை விளக்குபவர் எத்தனை பேர்? நெரிசல் மிகுந்த மருந்து வழங்கும் யன்னலில், பின்னால் வரிசை நிற்க, உரத்த குரலில் சொல்லப்படும் அறிவுரையை எந்தப் பெண் நின்று கேட்பாள்? மருந்துப் பையில் அவருக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட குறிப்பினால் என்ன பயன்? இம்மருந்து எழுதப்படும் ஒவ்வொருவருக்கும் மறைவான இடத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, பெண்களுக்குப் பெண் தாதியர் மூலம் விளக்குவதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. படத்தோடு கூடிய தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்றை அச்சிடுவதும் பெரிய காரியமன்று. தமிழும் அரசகரும மொழி என்பது மருந்துப் பையிலும் தெரிய வேண்டும்.

கிடைக்கும் தன்மையும் அவ்வாறே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளே இல்லாது நாடு தவித்ததை எவரும் மறந்திருக்க முடியாது. வைத்தியசாலையில் இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுக்கப்படும்போது, நாட்கூலியில் வாழும் குடும்பம் முதலில் கைவிடுவது இத்தகைய மருந்தையே. சேனக பிபிலேயின் கொள்கையின் வழியாக 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் நோக்கமே, ஏழைக்கும் தரமான மருந்து கட்டுப்படியான விலையில் கிடைக்க வேண்டும் என்பதுதான். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதற்காக இந்நோயாளர் அந்த நோக்கத்துக்கு வெளியே நிறுத்தப்படலாகாது. இரு மாதத்துக்குப் போதிய மருந்தை ஒரே தடவையில் வழங்கினால், வில்கமுவ, லக்கலை போன்ற தொலைவான இடங்களிலிருந்து வருவோரின் பயணச் செலவும் ஒரு நாட்கூலியும் மீதமாகும்.

நோயாளருக்கும் ஒரு வார்த்தை. குளிசையை வைக்க முடியவில்லை என்றால் அதனை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். ஒழுங்காக வைக்கிறேன் என்று பொய்யாகத் தலையாட்டினால், மருந்து பலிக்கவில்லை என்று கருதி அவர் ஸ்டீரொய்ட் போன்ற கடுமையான மருந்துகளுக்குச் செல்ல நேரிடும். எரிகிறது, தங்கவில்லை, வைக்க இடமில்லை, வாங்கப் பணமில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னால், அளவை மாற்றவும் வேறு வடிவத்தில் தரவும் வழி உண்டு. குடும்பத்தவரும், இரவில் அந்த ஐந்து நிமிடத் தனிமையை நோயாளருக்கு ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். கேலியும் அருவருப்பும் கலந்த ஒரு பார்வை போதும், அவர் மறுநாள் மருந்தைத் தொடாமல் விடுவதற்கு.

உடலின் எந்த உறுப்பும் இழிவானதன்று. அதற்குரிய மருந்தும் இழிவானதன்று. இரத்தம் போவதை மறைத்து வைத்து உயிருக்கு உலை வைத்துக்கொள்வதில் எந்த மானமும் காக்கப்படப் போவதில்லை. இந்த நோயைப் பற்றி வீட்டில் ஒருவரிடமாவது, கிளினிக்கில் வைத்தியரிடமாவது வாய்திறந்து பேசும் நாளே, சிகிச்சை உண்மையில் தொடங்கும் நாளாகும்.